காலி என்று சொல்லும் மனிதர்

எங்கள் வீட்டுச் சுவரை ஒருவர் நாக்கால் தொட்டு ருசி பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கைக்குட்டையால் சுவரில் ஒரு கை அகலத்துக்குத் துடைத்தார். குனிந்து, பூனை பால் தொடுகிற மாதிரி நுனி நாக்கால் ஒரு தொடு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அடுப்பில் காரப்பொடி மீன் குழம்பு பொங்கி வழிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பா சார்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"உப்புதான். உங்க கொழம்புல போட வேண்டியத சுவத்துல போட்டு வெச்சிருக்காங்க."

சொன்னவர் சிரிக்கவில்லை. நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். இத்தனை வருஷம் உப்பு வாரியிருக்கிறேன், உப்பைத் தின்றிருக்கிறேன், உள்ளங்காலில் உப்பு அரித்து ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறது. சுவரில் உப்பு தேடி வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அரசாங்கத்திலிருந்து வீடுகளைச் சோதிக்க வந்தவர் அவர். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, உப்பு வேலை செய்கிறவர்களுக்கென்று கட்டி, குறைந்த வாடகைக்கு விட்ட வீடுகள் எங்களுடையவை. நாலு பிளாக். கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. இரண்டாம் பிளாக்கில் கீழே நாங்கள்: நான், என் மகள், அவள் பெற்ற யாழினி. யாழினிக்கு அப்போது ஆறு மாதம். எங்கள் தலைக்கு மேலே அஞ்சலாட்சி வீடு. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் பாத்தி பாத்தியாக உப்பு. கோடையில், மத்தியானத்தில், அந்த ஜன்னலைத் திறக்க மாட்டோம். திறந்தால் உப்பின் வெளிச்சம் உள்ளே ஏறிவிடும். சுவர், தரை, தளம் எல்லாம் ஒரே வெள்ளையாகி, நிற்கிற ஆளுக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றே தெரியாது. அவர் எப்போதும் அந்த நேரத்தில்தான் வருவார். எல்லாரும் அளத்துக்குப் போயிருப்பார்கள். பிளாக்கில் காக்கை சத்தம்கூட இருக்காது. எங்கேயோ ஒரு வீட்டில் சுத்தியல் மட்டும் கேட்கும். டொக். சற்று நிறுத்தம். டொக் டொக்.

அதற்கு முன்னால் சோதனைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி. அவர்கள் வரும் தேதி எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். வாசலுக்குச் சாணி தெளித்து, பாத்திரத்தைத் தேய்த்து அடுக்கி, பிள்ளைகளுக்குத் தலை வாரி நிறுத்துவோம். வந்தவர் வாட்ச்மேன் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடிப்பார். கேட் இருக்கிறதா, பெயர்ப் பலகை இருக்கிறதா, குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று பாரத்தில் குறிப்பார். நாங்கள் வரிசையில் நின்று கைநாட்டு வைப்போம். எனக்குக் கைநாட்டு வைப்பது பிடிக்கும். கட்டை விரலில் மை ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது, பெரிய மனுஷி மாதிரி இருக்கும். தலைக்கு மேலே இருக்கிற தளத்தைப் பற்றி அந்தப் பாரத்தில் ஒரு கேள்வியும் கிடையாது.

நாங்களும் வாய் திறக்க மாட்டோம். நாலாம் பிளாக்கில் ஒரு பெண் வாய் திறந்தாள். மழையில் தளம் ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தாள். குடியிருக்கத் தகுதி இல்லாத வீடு, காலி செய் என்று பதில் வந்தது. கால்வாய் ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டு போனாள். அந்த வீட்டை யாரும் சரி செய்யவில்லை, பூட்டு மட்டும் போட்டார்கள். அதிலிருந்து யார் வீட்டில் என்ன உதிர்ந்தாலும் பெருக்கி அள்ளி வெளியே கொட்டிவிட்டு, "நல்லா இருக்குது சார்" என்போம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு இந்த மனிதர் வந்தார். தேதி சொல்லாமல் வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, ஒரு துணிப்பை, அதில் சின்னச் சுத்தியலும் சாக்பீஸும். அவருக்கும் எனக்கும் பெரிய வயது வித்தியாசம் இருக்காது. ஆனால் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை ஆயா என்றே கூப்பிட்டார். அவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

அவரோடு பேசுவது கஷ்டம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் உச்சந்தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பார்ப்பார். அங்கே யாரோ நம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியும், அவர்களோடு அவர் பேசுகிற மாதிரியும் இருக்கும். அஞ்சலாட்சி இரண்டு தரம் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

சுவரைத் தட்டுவார். காதை வைப்பார். "ம்... ம்..." என்பார், போனில் யாரோ குறை சொல்வதைக் கேட்கிற மாதிரி. சில சுவரைத் தட்டிவிட்டுப் பேசாமல் நகர்வார். சில இடத்தில் மட்டும் நின்று, மெதுவாக, வருத்தமாகச் சொல்வார்:

"காலி."

சொல்லிவிட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு எழுத்துப் போடுவார். அது "கா" என்று படித்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் காலி என்றால் என்ன? குடம் காலி. அது ஒன்று. வீட்டைக் காலி பண்ணு. அது இரண்டு. ஆள் காலி. அது மூன்று. அவர் எந்தக் காலியைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே பயம்.

அஞ்சலாட்சி வீட்டில் பின்பக்கத்து அறைச் சுவரைத் தட்டிக் காலி என்றார். மூன்றாம் நாள் அந்த அறையில் படுத்திருந்த அவள் மாமனார் போய்ச் சேர்ந்தார். கிழவர் ரொம்ப வருஷமாக இருமிக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் சாக்பீஸ் முந்திக்கொண்டதே! அடுத்து முதல் பிளாக்கில் ஒரு ஜன்னலின் சன்ஷேடைத் தட்டிக் காலி என்றார். இரண்டாம் நாள் அந்த சன்ஷேடு இடிந்து, அடியில் கட்டியிருந்த ஆடு செத்தது. நல்ல சினை ஆடு.

"பெரிம்மா, அந்தாளு வாய் சாதாரண வாய் இல்ல," என்றாள் அஞ்சலாட்சி. "சொல்லிட்டுப் போறாரு, அப்பிடியே ஆவுது."

"சொன்னதால ஆவுதா, ஆவப்போறதப் பாத்துச் சொல்றாரா?"

"ரெண்டுல எதுவா இருந்தா இன்னா? நம்ம வூட்டாண்ட வந்து சொல்லக்கூடாது."

பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் எழுதிவிட்டுப் போனதும் மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து எழுத்தைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சூடம் ஏற்றுவது. எழுத்து போனால் வாக்கும் போய்விடும். நானும் அஞ்சலாட்சிக்காக ஒன்று துடைத்திருக்கிறேன். துடைக்கத் துடைக்க அந்த எழுத்து ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் லேசாகத் திரும்ப வந்தது. மூன்று தரம் துடைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற என் மகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள்.

சுவரை நாக்கால் தொட்டதைச் சொன்னேன் அல்லவா, அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு முறை. நடுக்கூடத்தில் தளத்துக் கொக்கியில் புடவை கட்டி ஏணை தொங்கியது. அதில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணைக்கு மேலே, தளத்தை மறைத்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து இன்னொரு பழைய புடவை கட்டியிருந்தேன். தளம் உதிர்வது பிள்ளைமேல் விழக்கூடாது அல்லவா.

என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே கேட்டார்: "மேல என்ன ஆயா?"

"பொடவ."

"பொடவைக்கு மேல?"

"தளம்."

"தளத்துக்கு மேல?"

"அஞ்சலாட்சி வூடு."

"அதுக்கும் மேல?"

"ஆகாசம். அதையும் செக் பண்ணணுமா சார்?"

"அது ஸ்ட்ராங்கா இருக்குது," என்றார். நாற்காலி போட்டு ஏறி, புடவையின் ஒரு மூலையை அவிழ்த்தார். ஒரு முறம் சிமென்ட் தூள் அதற்குள் சேர்ந்திருந்தது. "இது எதுக்கு கட்டினீங்க?"

"கொசுவுக்கு சார்."

சுத்தியலால் தளத்தைத் தட்டினார். டொக். காதைச் சாய்த்தார். டொக் டொக். யாழினி தூக்கத்தில் உதட்டைக் குவித்தாள். ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தார். கொக்கிக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் மாறியது. எனக்கே தெரிந்தது. பழுத்த தர்பூசணியைத் தட்டின மாதிரி ஒரு சத்தம்.

"காலி," என்றார், பிள்ளைக்கு நேர் மேலே நின்றுகொண்டு.

எனக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ. "யோவ்! பச்சப்புள்ளைக்கு நேரா நின்னுக்கினு இன்னா வார்த்த சொல்ற? எறங்குய்யா கீழ!" என்று கத்தினேன். ஓடிப்போய் ஒரு கை உப்பும் மிளகாயும் அள்ளி வந்து, அவரை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். அரசாங்க அதிகாரிக்குக் கண்ணேறு கழித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் ஏதோ கோயிலில் நிற்கிற மாதிரி அடக்கமாக நின்றார். முடிந்ததும் சொன்னார்:

"ஆயா, ஏணைய அவுத்து வாசப்பக்கம் கட்டுங்க. நாளைக்கு ஆளுங்க வந்து தளத்துக்கு முட்டு குடுப்பாங்க. அப்புறம் ஒடச்சிப் புதுசா போடுவாங்க. இப்ப ரூல் மாறிட்டுது. வீடு பெருக்கி இருக்குதா, கேட்டு இருக்குதான்னு பாக்கறதில்ல. உள்ள இருக்கிறவங்க உசுரோட இருப்பாங்களான்னுதான் பாக்கணும். வீடு ஃபெயிலுன்னா ஆளுங்களத் தொரத்தக்கூடாது, ஆபீஸ்தான் சரி பண்ணிக் குடுக்கணும்."

"அப்ப நாலாம் பிளாக்குப் பொண்ணு?"

எங்கள் நிலைக்குப் பக்கத்தில் "கா" எழுதிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் துடைத்துவிட்டேன். ஏணையை அவிழ்க்கவும் இல்லை. ஃபேன் காற்று வருவது அந்த இடத்தில்தான். எனக்குக் கேட்டதெல்லாம் இரண்டாவது காலி. கால்வாய் ஓரத்தில் குடிசையும், மழையில் யாழினியும்தான் கண்ணில் நின்றார்கள்.

மறுநாள் ஆட்கள் இரும்பு முட்டுகளோடு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: எந்த வாசலில் "கா" இருக்கிறதோ அந்த வீட்டுக்கு முட்டு. நாலு பிளாக்கையும் சுற்றினார்கள். ஒரே ஒரு வாசலில்தான் எழுத்து இருந்தது. அந்த வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தாள், துடைக்க ஆள் இல்லை. பூட்டைத் திறக்க ஆள் இல்லாமல் அதையும் விட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தோம்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். மகள் அளத்துக்குப் போயிருந்தாள். அஞ்சலாட்சியும் போயிருந்தாள். யாழினி ஏணையில். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. டொக். நிறுத்தம். டொக் டொக்.

வந்துவிட்டார் என்று நினைத்தேன். "மேல ஆளில்ல சார், எறங்கி வாங்க!" என்று கூவினேன். பதில் இல்லை. மறுபடியும் டொக். படியேறிப் போனேன். அஞ்சலாட்சி வீட்டில் பூட்டுத் தொங்கியது. கதவில் காதை வைத்தேன். டொக் டொக். வீட்டுக்குள்ளேயிருந்து வரவில்லை. என் காலுக்கு அடியிலிருந்து வந்தது. அவள் வீட்டுத் தரைக்கும் என் வீட்டுத் தளத்துக்கும் நடுவிலிருந்து. அங்கே ஒரு ஆள் நிற்க இடமேது? ஒரு எலி போக இடமில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளே வந்தால் ஜன்னல் திறந்து கிடக்கிறது. நான் திறக்கவில்லை, காற்றாகத்தான் இருக்கும். அறை முழுக்க அந்த உப்பு வெளிச்சம். ஏணைக்குள் யாழினி விழித்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரிக்கிறாள். அவள் நெற்றியில் ஒரு பட்டை வெள்ளை. யாரோ விபூதி இட்டுவிட்டுப் போன மாதிரி.

தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் தூள். அவர் அவிழ்த்த புடவை மூலையை நான் திரும்பக் கட்டவே இல்லை.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவர் அப்போதுதான் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். பின்னால் முட்டு ஆட்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவே கேட்டார்:

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"யாரு சார் அது? உள்ள யாரு இருக்குறாங்க?"

"கம்பி ஆயா. உப்புத் தண்ணியில குழைச்ச சிமென்ட்டு. உள்ள கம்பி துரு புடிச்சி வீங்குது. வீங்கினா எடம் பத்தல. உள்ளேருந்து தட்டுது, வெளிய வர வழி கேக்குது. நான் தட்டறது அதுக்குப் பதில்." சாதாரணமாகத்தான் சொன்னார். "காலின்னா உள்ள காலி. சிமென்ட்டும் கம்பியும் விட்டுப் போயி நடுவுல ஒண்ணுமில்லாம இருக்குது. அவ்வளவுதான் அர்த்தம். ஆளையும் சொல்லல, வீட்டக் காலி பண்ணவும் சொல்லல."

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"எல்லாருக்கும் புரியுற வார்த்தன்னு நெனச்சேன்."

நல்லாப் புரிந்தது போங்கள், நாலு பிளாக்குக்கும்!

பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். எழுதவில்லை. என்னிடம் நீட்டினார். "அடையாளம் இல்லாத வீட்டுல ஆளுங்க கை வெக்க மாட்டாங்க. நான் எழுதினா நீங்க அழிப்பீங்க. நீங்களே எழுதுங்க."

"எனக்கு எழுத்துத் தெரியாது சார். கைநாட்டு."

துணிப்பையின்மேல் விரலால் எழுதிக் காட்டினார். "ஒரு க. அது தனியா நின்னா பத்தாது. பக்கத்துல ஒரு துணைக்கால். வீட்டுக்கு முட்டு குடுக்குற மாதிரி எழுத்துக்கும் முட்டு."

இடுப்பில் யாழினி. கையில் சாக்பீஸ். எழுதினால் வீடு போகலாம். இவர் பேச்சை நம்பி எழுதிவிட்டு நாளைக்கு வேறு ஒரு அதிகாரி வந்து காலி பண்ணு என்றால் இந்தப் பிள்ளையோடு எங்கே போவேன்? எழுதாவிட்டால், உள்ளே கேட்ட அந்தச் சத்தம். க கோணலாக, நண்டு மாதிரி வந்தது. பக்கத்தில் துணைக்காலை மட்டும் அழுத்தி, நேராக, உயரமாக இழுத்தேன். எதிர் பிளாக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள்.

பாத்திரம் பண்டத்தை வெளியே கொண்டுவந்து போட்டோம். மேல்வீட்டுத் தரைக்கும் சேர்த்து முட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஆள் கடப்பாரையை எடுத்து, கொக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடி. பாய் அகலத்துக்குத் தளம் பெயர்ந்து, கொக்கியோடு, ஏணைப் புடவையோடு தரையில் விழுந்தது. புழுதி அடங்கின பிறகு எட்டிப் பார்த்தேன். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொடிதான் இருந்தது, குங்குமச் சிமிழைக் கொட்டின மாதிரி.

அவர் அந்தப் பொடியைப் பார்த்தபடி என் பக்கத்தில் நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இந்த பில்டிங் கட்டி முடிச்சப்ப நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நான்தான் ஆயா. வந்து பாக்கல. ஆபீஸ்ல உக்காந்துகினே போட்டேன்."

நான் யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கத்தான் வாய் வந்தது. அவரும் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி நின்றார்.

"அத இப்பவே ரிப்போர்ட்டுல எழுதினா என்னை எடுத்துடுவாங்க. வேற ஆளு வருவாரு. இந்தப் புது ரூல அவரு எப்படிப் பாப்பாருன்னு தெரியாது. எழுதாம இருந்தா..."

"இன்னும் எத்தினி வூடு பாக்கி?"

"ரெண்டு பிளாக்குக்கு மேல இருக்குது."

"அத்த முடி. முடிச்சிட்டு எழுது," என்றேன். "எழுதாம மட்டும் போயிடாத."

தலையாட்டினார். அன்றைக்கே ஒரு காகிதம் கொடுத்தார். வேலை முடிந்ததும் இதே வீட்டுக்கு இதில் குடியிருந்தவர்களே திரும்பி வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. மகள் படித்துக் காட்டினாள், அஞ்சலாட்சி படிக்கச் சொல்லிக் கேட்டாள், எல்லாரும் அவரவர் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார்கள். நாலாம் பிளாக்குப் பெண்ணும் கால்வாயோரத்திலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வாசலுக்கு வாசல் பெண்களே "கா" எழுதிக்கொண்டிருந்தார்கள். காலி இல்லாத வீட்டிலும் எழுதிவிட்டார்கள். அவருக்கு அதை அழிக்கவே ஒரு நாள் ஆனது.

ஐப்பசி மழை பிடிக்குமுன் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். நாலாம் பிளாக்கில் பூட்டைத் திறந்து அந்தப் பெண்ணையும் உள்ளே விட்டார்கள். கடைசி வீடு முடிந்த பிறகு அவர் வரவில்லை.

அவருக்குப் பதிலாக ஒரு பெண் அதிகாரி வந்தாள். கையில் போன், காலில் ஷூ. "பழைய சார் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அவர் பேர்ல என்கொயரி ஆயா. அவரே எழுதிக் குடுத்திருக்காரு," என்றாள். போனில் தேடி அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தாள். கட்டடத்தை நேரில் பார்க்காமல் சான்று கொடுத்த அதிகாரி யார் என்ற இடத்தில் ஒரு பெயரைப் படித்தாள். எத்தனை மத்தியானம் எங்கள் வீட்டுக்குள் வந்து போனவர், அன்றைக்குத்தான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது.

மகள் அந்தப் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதினால் யாராவது தேடிப் போய் அந்த மனிதரைத் திட்டுவார்கள். திட்டுவதற்கு நான் ஒருத்தி போதும்.